நாலு சொல்லாத முனீஸ்

முனீஸ் போன செய்தி எனக்கு ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகத்தான் வந்தது. ஓசூரில், தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஊர்க்காரர் ஒருவர் வைத்திருந்த ஸ்டேட்டஸ் அது. கறுப்புப் பின்னணி, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஒரு முகம், கீழே ‘கண்ணீர் அஞ்சலி’. எங்கள் பக்கம் யார் தவறினாலும் அரை மணி நேரத்தில் இப்படி ஒரு படம் தயாராகிவிடும். நான் நின்று பார்ப்பதில்லை, கட்டைவிரலால் தள்ளிவிடுவேன். இதையும் தள்ளிவிட்டேன். அடுத்த படத்தில் யாரோ குடும்பத்தோடு கொடைக்கானலில் நின்றார்கள். அதற்கப்புறம்தான் அந்தச் சட்டை என் மண்டையில் ஏறியது. கை இரண்டையும் வெட்டி எறிந்த கறுப்புச் சட்டை. அதை வெட்டியது நான்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். முனியசாமி, வயது இருபத்தாறு. கீழே, ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரின் பெயர்.

அவனுடைய அக்கா கார்த்திகாவுக்கு போன் போட்டேன். “இடி விழுந்துருச்சு தம்பி. களத்துல மொளகா வத்தலு காஞ்சுக்கிட்டுருந்துச்சு. நேத்துச் சாயந்தரம் திடீர்னு மேகம் கட்டுச்சு. அய்யாவும் அவனும் தார்ப்பாய் போட ஓடிருக்காக. அய்யா, பாய் மேல வைக்கக் கல்லெடுக்கத் திரும்புனாராம். அவ்வளவுதான் தம்பி. அவரு திரும்பிப் பாக்குறதுக்குள்ள…”

நான் மின்சாரம் படித்தவன். டிப்ளமோ. வெட்டவெளியில் நிற்கிற ஆளை மின்னல் ஏன் தேடி வரும் என்று பத்து மார்க் கேள்விக்கு விடை எழுதத் தெரியும். ஊருக்கு வருகிற எட்டு மணி நேரமும், அந்தக் களத்தின் எந்த மூலையில் எத்தனை அடியில் ஒரு இடிதாங்கிக் கம்பம் நட்டு எப்படி எர்த் இறக்கியிருக்கலாம் என்று என் மண்டை வரைபடம் போட்டுக்கொண்டே வந்தது. ஒருத்தருக்கும் பிரயோஜனம் இல்லாத வரைபடம். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

முனீஸைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவன் டிரம்ஸ் அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டவர்கள். பரவாயில்லை. நான் அதைவிட மோசமான காரியம் ஒன்று செய்திருக்கிறேன். அதையும் எழுதப்போகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்ச். என் மாமா ராமநாதபுரத்திலிருந்து ஒரு பழைய போன் வாங்கி வந்து கொடுத்தார். கடைக்காரர் மெமரி கார்டு நிறைய சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டு, மிச்சம் கிடந்த இடத்தில் ‘இங்கிலீஷ்’ என்று ஒரு ஃபோல்டரையும் தள்ளியிருந்தார். நாங்கள் கேட்காமலே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நிற்கும்போது இயர்போனில் ஆளுக்கு ஒரு காது. முதல் பாட்டில் ஒருத்தன் ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று கத்தினான். அப்புறம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

முனீஸ் இயர்போனைக் கழற்றிப் பார்த்தான். “ஏலே, கெட்டுப்போச்சா?”

“இல்லடா. முடிஞ்சுருச்சு.”

“ரெடி ஒன் டூ த்ரீன்னு எண்ணிப்புட்டு ஓடுறாய்ங்கடா. ஸ்போர்ட்ஸ் டே மாதிரி.” இயர்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “இன்னொருக்கா போடு” என்றான்.

இதற்குப் பெயர் பங்க் ராக் என்று தெரியவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. இங்கிலீஷ் புரியவில்லை. கோபம் புரிந்தது. வீட்டில், பள்ளிக்கூடத்தில், கண்டக்டரிடம் என்று திட்டு வாங்கியே வளர்ந்தவர்களுக்கு, திருப்பித் திட்டுகிற பாட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பது பெரிய செய்தி. அதிலும் வித்வானாக இருக்க வேண்டியதில்லை, கிடாரில் மூன்று ஸ்வரக்கட்டு பிடிக்கத் தெரிந்தால் போதும். ஒருநாள் அகராதி வைத்துக்கொண்டு ஒரு பாட்டை வரி வரியாகத் தமிழில் எழுதினேன். வேலை இல்லை, போக இடம் இல்லை, எல்லாம் சலித்துப்போச்சு என்று இருந்தது. வாசித்துக் காட்டினேன். முனீஸ் கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “அங்கயும் பஸ் வரல போலடா.”

அந்த ஆட்களைப் போல உடுத்த ஆசை வந்தது. சட்டைக் கையை நான் வெட்டினேன். படத்தில் அவர்கள் சட்டை முழுக்க ஊக்கு குத்தியிருந்தார்கள். முனீஸும் ஒரு அட்டை ஊக்கு வாங்கி நெஞ்சு முழுக்கக் குத்திக்கொண்டு வீட்டுக்குள் போனான். அவன் அம்மா சண்டை போடும் என்று வெளியே நின்று காத்திருந்தேன். அம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நல்லதாப் போச்சு, ரெண்டு குடு, சேலைக்கு ஒண்ணுகூட இல்ல” என்று சட்டையிலிருந்தே கழற்றி எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்த வீட்டில் யாருக்கு ஊக்கு வேண்டுமானாலும் முனீஸ் நெஞ்சில் கை வைப்பார்கள். ஒரு மாதத்தில் சட்டையில் ஓட்டைகள் மட்டும் மிச்சம். அம்மாவின் வளையலில் எந்நேரமும் நாலைந்து ஊக்கு கோத்துத் தொங்கும். முனீஸ் அதைக் காட்டி, “எங்கம்மா நமக்கு முந்தியே பங்க்குடா” என்பான்.

அவன் டிரம்ஸ் பழகியது பள்ளிக்கூட பேண்டில். சுதந்திர தின அணிவகுப்புக்கு இடுப்பில் மாட்டி அடிக்கிற டிரம். அதில் அவனை இரண்டே வாரத்தில் நீக்கிவிட்டார்கள். அவன் அடித்தால் அணிவகுப்பு ஓட்டப்பந்தயம் ஆகிவிடும் என்று டிரில் மாஸ்டர் சொன்னார். அது உண்மை. முனீஸால் ஒரே வேகத்தில் அடிக்க முடியாது. ஒவ்வொரு அடியும் முந்தின அடியைவிட மயிரிழை சீக்கிரம் விழும். பாட்டு தொடங்கின வேகம் ஒன்று, முடிகிற வேகம் ஒன்று.

அவர்கள் வீட்டு வத்தல் கொட்டகைதான் எங்கள் இடம். தண்ணீர் பிடிக்கிற நீல டிரம், பெயின்ட் டப்பா இரண்டு, அப்புறம் கொஞ்ச நாளில் பேண்டில் கழித்துப் போட்ட ஒரு டிரம். எனக்கு ஒரு மட்டமான கிடார். முண்டு மிளகாய் வத்தல் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். முதல் அடிக்கே அந்த நெடி கிளம்பி மூக்கில் ஏறும். கண்ணில் தண்ணீர் ஊற்ற, தொண்டை கரகரக்க, இருமி இருமிப் பாடினேன். பங்க் பாடுகிறவனுக்குக் குரல் இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு செலவும் இல்லாமல் எனக்கு அது கிடைத்தது. வெளியே களத்தில் அவன் அப்பா, எங்கள் எல்லாருக்கும் அய்யா, மரப் பலகையை வைத்து வத்தலைக் கிண்டிக்கொண்டிருப்பார். எங்களை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். எப்போதாவது, “அந்த மூட்டை மேல சாயாதிகடா” என்று மட்டும் குரல் வரும்.

நாங்களே பாட்டு எழுதினோம். எங்களுக்குத் தெரிந்த கோபங்கள்தான். பஸ் வராதது ஒன்று. குடிநீர்க் குழாய் இன்னொன்று. குழாய் வந்து வருஷக் கணக்காகிவிட்டது, திறந்தால் காற்றுதான் வரும். ‘கொழாயத் தொறந்தா காத்து, கொடத்துல புடிக்கிறேன் பாத்து’ என்று முனீஸ் ஒரு வரி சொன்னான். அதை வைத்து ஒரு நிமிஷப் பாட்டு ஒன்று செய்தோம். எங்கள் பாட்டிலேயே அதுதான் உருப்படி.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் முனீஸ் எண்ணுவான். குச்சியைக் குச்சியில் தட்டி, ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலு சொல்ல மாட்டான். மூணு வாயில் இருக்கும்போதே கை இறங்கிவிடும். நான் ஒவ்வொரு தடவையும் பின்தங்கிப்போய்த் துரத்திக்கொண்டு ஓடுவேன். “நாலு சொல்லிட்டு அடிச்சாத்தான்டா எனக்கு ஆரம்பிக்கத் தெரியும்” என்று நூறு தடவை கத்தியிருப்பேன். அவன் பதில் எப்போதும் ஒன்றுதான்: “நாலு சொல்ற நேரத்துல ஒரு அடி அடிச்சிரலாம்ல.”

எங்கள் ஒரே மேடை, கார்த்திகா அக்கா மகளுக்கு நடந்த காதணி விழா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். கை வெட்டிய கறுப்புச் சட்டையோடு முனீஸ் மணையில் உட்கார்ந்தான். ஸ்டேட்டஸில் போட்ட படம் அன்றைக்கு எடுத்ததுதான். குழந்தை ஊரே கேட்கிற மாதிரி அலறியது. அவன் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, “மாப்ள, குரலக் கேட்டியா? நம்ம சோலி முடிஞ்சுச்சு, இவதான் இனிமே பாடணும்” என்றான். காது குத்திய கையோடு எழுந்து வந்து டிரம்ஸில் உட்கார்ந்தான்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆரம்பித்தோம். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, மைக் செட்காரர் பந்தலுக்குள் ஓடி வந்தார். கிடாரிலிருந்து வருகிற இரைச்சலைக் கேட்டு, செட்டில் பழுது என்று நினைத்துவிட்டார். “தம்பி, நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க! எங்கனயோ வயரு ஒரசுது, ஆம்பிளி எரிஞ்சுபோயிரும்!” என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார். கிடார் செத்தது. மைக் செத்தது. நான் கோபத்தில் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். முனீஸ் நிறுத்தவில்லை. அவன்பாட்டுக்கு நீல டிரம்மை அடித்துக்கொண்டு, வரியையும் அவனே கத்திக்கொண்டு, கடைசி வரை போனான். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி மாமனையே பார்த்தது. முடிந்ததும் பந்தியிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து உண்மையான கவலையோடு கேட்டார், “யாரு மேலய்யா இம்புட்டுக் கோவம்?”

“யாரு மேலயும் இல்ல பெரியப்பா. கொழா மேல” என்றான் முனீஸ்.

வீட்டுக்குப் போகும்போது நான் மைக் செட்காரரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். அவன் சிரித்தான். “கரண்டு போச்சுன்னா நீ ஏன்டா நிப்பாட்டுன? அடிக்கிற கையி எனக்குக் கரண்டுலயா ஓடுது?”

டிப்ளமோ முடித்து நான் ஓசூர் போனேன். அவன் விவசாயத்திலேயே நின்றான். நெல், அப்புறம் மிளகாய். எனக்குச் சம்பளம் வந்ததும் முதலில் வாங்கியது ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் மூன்று மைக்கும். ஒரு விடுமுறைக்கு ஊருக்கு வந்து கொட்டகையில் இரண்டு பகல் உட்கார்ந்து நாலு பாட்டைப் பதிவு செய்தோம். தாளம் தப்பாமல் இருக்க அவன் காதில் டிக், டிக் என்று ஓடுகிற ஒரு சத்தத்தை மாட்டிவிட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் கழற்றி வீசினான். “காதுக்குள்ள டிரில் மாஸ்டர் உக்காந்துருக்காருடா.” அது இல்லாமலே அடித்தான். எப்போதும் போல ஓடினான்.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. ஒரே கொட்டகையில் அவன் அடிக்க, நான் பாட. என் குரலுக்கு வைத்த மைக்கில் அவன் அடியும் கலந்து விழுந்தது. கசிவு. பதிவு வேலையில் அது பெரிய குறை. நான் எரிச்சலாகி, பாடுவதை ஓசூரில் தனியாக மறுபடி பதிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஓசூர் போய் நான் செய்தது இதுதான். முனீஸ் அடித்த ஒவ்வொரு அடியையும் கம்ப்யூட்டரில் தனித்தனியாக வெட்டி, கட்டம் போட்ட காகிதத்தில் புள்ளி வைப்பது போல, விழ வேண்டிய இடத்துக்கு நகர்த்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக, மூன்று மாதம். ஓட்டம் நின்றது. பாட்டு தொடங்கிய வேகத்திலேயே முடிந்தது. ‘மூணு’க்குப் பின்னால் என் குரலில் ‘நாலு’ என்று சொல்லி ஒட்டவைத்தேன். டிஸ்க் நிறைந்து போயிருந்தது. வேலை முடிந்ததும் அவன் அடித்த மூலப் பதிவுகளை அழித்துவிட்டேன். சரிசெய்த பிறகு சரியில்லாததை எதற்கு வைத்திருப்பது? அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த விடுமுறைக்கு வந்து, அவனைத் திருப்பாலைக்குடி கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். பாட்டை வெளியிட ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று சாக்கு. அந்தக் கடலில் அலை இருக்காது. எவ்வளவு தூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலில் நிற்கும். கரையில் கிடந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, குழாய்ப் பாட்டைப் போட்டேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாராட்டுவான் என்று.

கழற்றினான். “அடிச்சது யாருடா?”

“நீதான்டா.”

“நான் இம்புட்டு ஒழுங்கு கிடையாதேடா.”

“கம்ப்யூட்டர்ல சரி பண்ணேன். எல்லாரும் அப்பிடித்தான் பண்றாய்ங்க.”

“நாலுன்னு சொல்றது?”

“அதுவும் நான்தான்.”

கொஞ்சம் சிரித்தான். “சரி, பரவால்ல. நான் அடிச்சதக் குடு. அத நான் வச்சுக்கிறேன்.”

“அது இல்ல. அழிச்சுட்டேன்.”

ஹெட்போன் வயரைச் சுருட்டி என்னிடம் நீட்டினான். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. “உனக்குத் தாளம் நிக்காதுடா. பத்து வருஷமாச் சொல்றேன். அத வெளிய விட்டா நம்மளத்தான் சிரிப்பாய்ங்க” என்றேன்.

“நிக்கிறதுக்காடா நம்ம அடிச்சோம்?” என்று கேட்டான் முனீஸ். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் நடந்தான். வெகுதூரம் போய் நின்றான். முழங்கால் அளவுத் தண்ணீர். நான் கரையில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கத்தினேன். அவ்வளவு தூரத்துக்கு என் குரல் போயிருக்காது.

அதன் பிறகு ஒன்றரை வருஷம். சண்டை என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு ஒரு படம் அனுப்புவான், தீபாவளிக்கு நான் ஒன்று அனுப்புவேன். பாட்டை வெளியிடவில்லை. போன பங்குனியில் அவனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. “மாப்ள, மொளகாப் பழம் எடுத்தாச்சு. களத்துல காயுது. இன்னும் மூட்ட புடிக்கல, கொட்டக காலியாத்தான் கெடக்கு. வாரியா?” நான் அப்போது ஒரு பழுதான மோட்டாருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கட்டைவிரல் தூக்கிய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். எங்கள் உரையாடலில் கடைசியாக இருப்பது அந்தக் கட்டைவிரல்தான். ‘ஆமாம்’ என்றா, ‘சரி, பார்ப்போம்’ என்றா, என்ன நினைத்து அனுப்பினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் என்ன நினைத்துக்கொண்டானோ.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அதே மைக் செட்காரர்தான். ஒப்பாரிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்று, “தம்பி, அன்னைக்கு நான் வயரப் புடுங்கியிருக்கக் கூடாது” என்றார். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு கார்த்திகா அக்கா வந்தது. “அவன் அடிச்சது ஒன்கிட்ட இருக்குமாமே தம்பி. அய்யா கேக்கணுங்கறாரு. அன்னையில இருந்து அவரு வாயத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான்.”

போனை மைக் செட்டில் சொருகி, குழாய்ப் பாட்டைப் போட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. அய்யா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து கேட்டார். பாட்டு முடிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இது அவன் இல்லையேப்பா.”

“அவன்தான் அய்யா.”

“இல்லப்பா. அவன் உள்ள அடிக்கயில நான் வெளிய வத்தலு கிண்டுவேன்ல. அவன் அடிக்க அடிக்க என் கையும் வெரசாப் போகும். ஒரு பாட்டு முடியுங்குள்ள ஒரு பாத்தி கிண்டி முடிச்சிருவேன். இது நடந்து போகுதுப்பா. அவன் ஓடுவான்ல.”

பள்ளிக்கூடத்தில் அணிவகுப்பிலிருந்து அவனை நீக்கியது எந்தக் குறைக்காகவோ, நான் மூன்று மாதம் உட்கார்ந்து எதை ஒழித்தேனோ, அதை வைத்துத்தான் அந்த மனிதர் தன் மகனை அடையாளம் வைத்திருந்தார். என்னிடம் இருந்தது மகன் இல்லாத பதிவு. நான் அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அதைச் சொல்லாமல் ஓசூர் பஸ் ஏற முடியவில்லை. அவர் திட்டவில்லை. “சரிப்பா. சாப்பிட்டியா?” என்றார்.

ஓசூர் போனதும் லீவு போட்டுவிட்டு டிஸ்கைத் தோண்டினேன். அழித்ததை மீட்கிற மென்பொருள் நாலைந்து இருக்கிறது. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். அந்த இடத்தின் மேல் நானே பத்துத் தடவை வேறு எதையெதையோ எழுதிவிட்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. தொழில்முறையாகச் சொன்னால், அது போய்விட்டது.

கிடைத்தது வேறு இடத்தில். குழாய்ப் பாட்டைக் கொட்டகையில் பதியும்போது முனீஸ் சொன்னதைக் கேட்டு இரண்டு வரியை மாற்றிப் பாடியிருந்தேன். அந்த வரியைப் பிறகு எழுதிக்கொள்வதற்காக, என் குரல் மைக்கில் விழுந்ததை மட்டும் பழைய போனில் ஏற்றி வைத்திருந்தேன். மறந்தே போயிருந்தேன். ஃபைலின் பெயர் ‘வேண்டாம்’.

போட்டேன். முதலில் என் இருமல். கிட்டத்தில், அசிங்கமாக. அதற்குப் பின்னால், கொட்டகையின் அந்த மூலையிலிருந்து, ஒரு குரல் ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் அடி. என் குரலுக்கு அடியில், மங்கலாக, மூட்டைகளில் மோதிக் கசிந்து வந்த அடி. ஓடுகிறது. நான் பின்னால் துரத்துகிறேன், மூச்சு வாங்குகிறேன், வரியை விழுங்குகிறேன். அவன் ஓடிக்கொண்டே இருக்கிறான். குறை என்று எதைத் தூக்கிப் போட்டேனோ அதற்குள்தான் அவன் இருந்தான்.

மறுநாளே ஊருக்குப் போனேன். அய்யா களத்தில் இருந்தார். அன்றைக்கு நனைந்தது போக மிஞ்சிய வத்தல். கிண்டாமல் விட்டால் கறுத்துவிடும். யார் செத்தாலும் வத்தல் காய்ந்துதான் ஆக வேண்டும். சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் களத்து ஓரக் கல்லில் வைத்தேன். “இதக் கேளுங்க அய்யா” என்று போட்டேன். அவர் பலகையை ஊன்றிக்கொண்டு நின்று கேட்டார். கொஞ்சம் கேட்டுவிட்டு, கை தானாகக் கிண்ட ஆரம்பித்தது. முதலில் மெதுவாக. அப்புறம் வேகமாக. அப்புறம் இன்னும் வேகமாக. வத்தல் புரண்டு கலகலத்தது. நெடி எழுந்து எனக்குத் தொண்டையில் ஏறியது. அவர் முகத்தில் வழிந்தது நெடியினாலா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. ஸ்பீக்கரை அணைத்திருக்க வேண்டும். என் கை போவதற்குள் மிச்சமும் ஓடிவிட்டது. பதிவை நிறுத்துவதற்கு முன் நாங்கள் பேசியதும் அந்த மைக்கில் விழுந்திருந்தது.

“மாப்ள, இன்னொருக்கா போவமா? இப்ப நல்லா வரும்டா.”

“வேணாம். எத்தன தடவ அடிச்சாலும் நீ ஓடத்தான் செய்வ. நான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிறேன்.”

அவ்வளவுதான் ஃபைல். அய்யா பலகையோடு அடுத்த பாத்திக்குப் போனார். அங்கிருந்து சொன்னார்: “இன்னொருக்கா போடுப்பா.”

போட்டேன்.

முனீஸ் அடித்ததில் என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. பாதி என் இருமல். பின்னால், நாலு சொல்லாமல் ஓடுகிற ஒருத்தன். முடிவில் அவன் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில். அந்தப் பதிலை மட்டும் வெட்டி எடுக்க எனக்குப் பத்து வினாடி போதும். வெட்டவில்லை.